பல்லுப் பிளேட்டுக்கு இரண்டு விலை

என் கடைக்குள் நின்றுகொண்டு, என் மின்விசிறிக் காற்றையும் வாங்கிக்கொண்டு, என் சாமானின் விலையைப் போனுக்குள் இருக்கும் இன்னொரு கடையோடு ஒப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். களுதாவளைப் பக்கம் பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஆணி, பிணைச்சல், பெயின்ட், தண்ணீர் இறைக்கிற மெசின், துளை போடுகிற மெசின், வெட்டுகிற மெசின் எல்லாம் விற்கிறேன். முன்பெல்லாம் ஆட்கள் விலை கேட்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், குறைக்கச் சொல்வார்கள். நானும் குறைக்கிற மாதிரிக் குறைப்பேன். இப்போது வருகிறவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள், பிளக்கில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள், பிறகு மெசினில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு "யோசிச்சிப்போட்டு வாறம்" என்று போய்விடுகிறார்கள். ஒருவன் அப்படித் தேடிப் பார்க்க என்னிடமே வைஃபை பாஸ்வேர்ட் கேட்டான். நானும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

ஆனால் என் பள்ளிக்கூடக் கூட்டாளியே இதைச் செய்வான் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவன் மண்டூரில் தச்சுவேலை செய்கிறான். கதவு, நிலை, யன்னல் எது செய்தாலும் ஆணியிலிருந்து பூட்டுவரை என்னிடம்தான் வாங்குவான். எனக்கும் அவனுக்கும் நடுவில் வாவி இருக்கிறது. எங்கள் எழுவான்கரையிலிருந்து அவனுடைய படுவான்கரைக்கு, மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிப் போகிற தட்டையான படகில்தான் கடக்க வேண்டும், அதை நாங்கள் பாதை என்போம். தண்ணீரைக் கடந்து என் கடைக்கு வருகிறவன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அன்றைக்கு அவன் மனைவியோடு வந்தான். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அவள் என்னை அண்ணன் என்பாள். புதிதாக ஒரு கிரைண்டர் வேண்டும் என்றார்கள், சின்ன வட்டத் தகடு மாட்டி இரும்பும் தரை ஓடும் வெட்டுகிற கை மெசின். எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைக் கையில் பிடித்துப் பாரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடி அலுமாரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனைத் தடவத் தொடங்கினாள்.

"அண்ணன், இதே கிரைண்டரை ஆறு பேர் விக்கிறாங்க. முதல் ஆள் உங்களை விட நாலாயிரம் குறைவு. ஆனா அவனை ஏசி எழுதினவங்க கனபேர். ரெண்டாவது ஆள் மூவாயிரம் குறைவு, கொண்டுவாற காசும் எடுக்கல்ல. அந்தாள் நல்ல ஆள் போல இரிக்கு. நீங்க அந்த விலைக்குத் தருவீங்களா?"

கடையில் இன்னும் மூன்று நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கவும் செய்தார். அதைக் கண்டதும்தான் எனக்கு எல்லாம் தலைக்கு ஏறியது.

"அப்ப அந்த நல்ல ஆளிட்டயே வாங்குங்க. மச்சான், மெசினைக் கீழ வை," என்றேன்.

"என்ன மச்சான், விலை கேக்கிறது குத்தமா?"

"கேக்கிறது குத்தமில்ல. என்ட கடையை உங்களுக்குக் காட்சி பாக்கிற இடமாக்கிறதுதான் குத்தம். ஒண்டு சொல்லுறன், அது பழுதானா இஞ்ச தூக்கிக்கொண்டு வரப்படாது."

அவன் மெசினை வைத்தான். அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அண்ணனுக்கு இண்டைக்கு உடம்பு சரியில்ல போல," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். என் வீட்டில் சோறு வேகிற பானையே போன் வழியாக வாங்கி கொரியரில் வந்ததுதான். என் மனைவி மூன்று இரவு விலை பார்த்து வாங்கியது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் தனியாக வந்தான். கையில் உரப்பை. அதற்குள்ளிருந்து புதுக் கிரைண்டரை எடுத்து என் முன்னால் வைத்தான். பழுது பார்க்கத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலை எல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். ஆனால் அவன் சுவரைக் காட்டினான். அங்கே மரம் வெட்டுகிற பெரிய பல்லுப் பிளேட்டுகள் தொங்கின.

"அந்த ஏழு இஞ்சியில ஒண்டு தா."

அப்போதுதான் மெசினைச் சரியாகப் பார்த்தேன். கவரைக் காணவில்லை. வெட்டும் தகட்டின் பாதியை மூடி, பிடிக்கிறவன் கையைக் காக்கிற இரும்பு மூடி அது. அதைக் கழற்றினால்தான் இந்தச் சின்ன மெசினில் பெரிய பிளேட் ஏறும். எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான். மரம் வெட்டுகிற சரியான மெசின் இதைப்போல மூன்று மடங்கு விலை. கவரைக் கழற்றிவிட்டால் ஒரே கிரைண்டரில் இரும்பும் வெட்டலாம், பாலை மரமும் பிளக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பிளேட் தாங்கக்கூடிய வேகத்தைவிட மெசின் எவ்வளவோ அதிக வேகத்தில் சுற்றும். மரத்தில் ஒரு கணு வந்து பல்லைப் பிடித்தால் போதும், மெசின் கையை விட்டுத் துள்ளும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித் துள்ளிய நாளிலிருந்து இடது கையைக் காற்சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார்.

"இதுக்கு அது போடப்படாது," என்றேன்.

"எல்லாரும் போடுறாங்க."

"நான் தர மாட்டன்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "மெசினை வேற இடத்தில வாங்கிப்போட்டன் எண்டு பழி வாங்கிறாய், என்ன?"

"பழியும் இல்ல, கிழியும் இல்ல. இஞ்ச பார், பிளேட்டில எழுதியிருக்கிற வேகத்தைப் பார். உன்ட மெசினில எழுதியிருக்கிறதைப் பார்."

அவன் இரண்டையும் பார்க்கவில்லை. "உன்னட்ட வாங்கின மெசின் எண்டா நீயே கவரைக் கழட்டி மாட்டித் தந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?"

இதுதான் என்னை அடித்துப் போட்டது. நான் யாருக்கும் அப்படி மாட்டிக் கொடுத்ததில்லை. ஆனால் பிளேட் கேட்டு வந்த எல்லாரிடமும் எந்த மெசினுக்கு என்று நான் கேட்டதுமில்லை. அவன் கிரைண்டரை உரப்பைக்குள் திணித்தான்.

"போனில போட்டா ரெண்டு நாளில வீட்டுக்கு வரும். உன்ட விலையை விடக் குறைவாத்தான் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி போனைத் திறந்தேன். அதே பிளேட்டை ஐந்தாறு பேர் விற்றார்கள். எல்லாருக்கும் ஒரே படம், விலை மட்டும்தான் வேறு. ஒருவன் ஒன்று வாங்கினால் ஒரு விலை, இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்று போட்டிருந்தான். என் கடையின் எதிரிகளை முதல் தடவையாக நிதானமாக வாசித்தேன். வாங்கியவர்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கெதியாக வந்தது, நன்றி என்று பலர். பெட்டி நசுங்கியிருந்தது என்று ஒருவர். நடுவில் ஒன்று. பிளேட் நல்ல கூர், இரண்டே நாளில் வந்தது, கவர் இல்லாமல் பாவித்தேன், மெசின் துள்ளிவிட்டது, யாரும் கவரைக் கழற்ற வேண்டாம் என்று எழுதி, துணி சுற்றிய கையின் படத்தையும் போட்டிருந்தார் ஒருவர். போட்டுவிட்டு மூன்று நட்சத்திரமும் கொடுத்திருந்தார். கை அப்படி ஆன பிறகும் விற்றவனுக்கு மூன்று கொடுத்த மனிதரை என்ன சொல்வது.

அதை அப்படியே படம் பிடித்துக் கூட்டாளிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் கோடு இரண்டும் விழுந்தன. சோறு காய்ந்துபோன பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. "பெரிய மெசினை விக்கிறதுக்கு இவ்வளவு பாடுபடுறியே மச்சான், பாவம்டா நீ." பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு அவங்களை அத்தனை பேருக்கு முன்னால ஏசினீங்க. இப்ப நல்லது சொன்னாலும் வியாபாரம் எண்டுதான் கேக்கும்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. எது சொன்னாலும் சாமான் விற்பதற்காகச் சொல்வதாகவே மற்றவர்களுக்குக் கேட்கிற தொழிலில் இருக்கிறேனே என்ற கோபம். அவன் உளியைத் தட்டும்போது பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் ஒன்றை ஒன்று பார்த்துப் பேசிக்கொள்வது போல இருக்கும். அந்தக் கையில்தான் அவன் வீடு நிற்கிறது. அந்த இரண்டு நாளும் அவன் ஞாபகம் வரும்போதெல்லாம் போனை எடுப்பேன், என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்ப வைப்பேன்.

கொரியர்காரர் எங்கள் சந்தியில் நிற்பது வழக்கம். அக்கரைக்குப் போவதற்கு முன் என் கடை நிழலில் மோட்டார் சைக்கிளை விட்டு, சோடா குடித்துவிட்டுத்தான் போவார். அன்று அவர் பையைச் சரிசெய்தபோது ஒரு பொதி வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் அகலம், தட்டை, வட்டம். எத்தனை வருடமாக அந்த உருவத்தைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதா. மேலே அவன் பெயரும் ஊரும் இருந்தன.

"தம்பி, இது என்ட கூட்டாளிக்கு. காசை நான் தாறன், தாங்க, நான் குடுக்கிறன்."

"ஏலாது அண்ணன். அவங்கட போனுக்கு வாற நம்பரைச் சொன்னாத்தான் குடுக்கலாம்."

"காசு கூடத் தாறன்."

அவர் சோடாப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணன், நீங்க ஆன்லைன் சாமான் மறிக்கிறீங்க எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா இப்புடிச் செய்யாதீங்க," என்றார். முகம் சுட்டுப்போனது. அவர் புறப்பட்டுப் போனதும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

குருமண்வெளித் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதை கரையை விட்டு நகர்ந்துவிட்டது. கொரியர்காரரின் சிவப்புத் தலைக்கவசம் அதில் தெரிந்தது. கையை ஆட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. இனி அது அக்கரைக்குப் போய், ஆட்களை இறக்கி, ஏற்றி, திரும்பி வர வேண்டும். கூட்டாளிக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன், வெட்டிவிட்டான். அவன் மனைவியின் இலக்கம் என்னிடம் இல்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பக்கத்தில் நெல்மூட்டையோடு நின்ற ஒருவர், "என்ன அவசரம், கலியாண வீடா?" என்று கேட்டார். நான் திரும்பவும் போனைத்தான் எடுத்தேன், அவர் கோபித்துக்கொண்டார்.

பாதையில் ஏறிய பிறகு நேரம் இன்னும் மெதுவாகப் போனது. நான் போய் என்ன சொல்லப் போகிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அவன் நம்பாத அதே கதைதான்.

அவன் வீடு அவன் மனைவியுடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பார். வாசலில் அவள்தான் நின்றாள், கையில் கிழிந்த பொதி. கொரியர்காரர் வந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"என்ன அண்ணன், இஞ்சயும் ஏச வந்தீங்களா?"

"இல்ல தங்கச்சி. நான் ஏன் பிளேட் தரல்ல எண்டு அவன் உங்களுக்குச் சொன்னானா?"

"கோபத்தில தரல்ல எண்டார்."

நான் போனை எடுத்து அந்தத் துணி சுற்றிய கையைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் போனில் அதே சாமானைத் திறந்து, அந்த வரிகளைத் தேடிப் பிடித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். நான் பொய்யாகச் செய்து கொண்டுவந்திருப்பேன் என்று சந்தேகம். ஒப்பிட்டு முடித்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"நான் எது வாங்கினாலும் ஒரு ஸ்டார் போட்டவங்களை முதல் வாசிப்பன். ரெண்டும் வாசிப்பன். பொறகு அஞ்சு. நடுவில உள்ளதை ஆர் வாசிக்கிற அண்ணன்? மூண்டு போட்டா பெரிய பிழை ஒண்டும் இரிக்காது எண்டுதானே நினைப்பம்."

"இதை எனக்குத் தாங்க. காசு தாறன்."

"திருப்பி அனுப்பலாமே?"

"திறந்தாச்சு, எடுக்க மாட்டாங்க. எனக்கு வில்லுங்க. நீங்க குடுத்த காசு முழுசாத் தாறன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பயந்துபோயிருந்தாள், கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்:

"உங்கட கடையில இது என்ன விலை?"

சொன்னேன். அவள் வாங்கியதைவிடக் கூடத்தான்.

"அப்ப அந்த விலைக்கு எடுங்க. அண்டைக்கு என்னைக் கடையை விட்டுத் துரத்தினீங்கதானே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மறுபேச்சுப் பேசாமல் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். என் சுவரில் தொங்குகிற சாமானை, என் விலைக்கே, இன்னொருவர் வாசலில் நின்று வாங்கினேன். அவள் நோட்டுகளை வாங்கியபோதுதான் வீட்டுக்குப் பின்னால் கிரைண்டர் கூவியது. சின்னத் தகட்டின் சத்தம் இல்லை அது. பெரிய பிளேட் காற்றைப் பிடிக்கிற, நடுங்குகிற சத்தம்.

"ரெண்டு வந்தது அண்ணன்," என்றாள். "தள்ளுபடிக்கு ரெண்டு போட்டன். மற்றதை அவர் கொண்டு போயிற்றார். சாப்பிட்டுப்போட்டுத்தான் வெட்டுவன் எண்டவர்."

பின்பக்கம் ஓடினேன். பட்டறைக் கொட்டிலில் அவன் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். முன்னால் பாலைக் குற்றி, கால் ஒன்று அதன் மேல். பிளேட் மரத்துக்கு மேல் நின்று சுற்றியது, இன்னும் இறங்கவில்லை. மச்சான் என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடினேன். கத்தினால் திரும்புவான், திரும்பினால் கையும் திரும்பும். தோளைத் தொடவும் ஏலாது. வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். மரத்தூளுக்கு அடியால் போய்க் சமையலறைச் சுவரில் ஏறியது. ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் உடனே நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய், மெல்ல மெல்லத் தேய்ந்து, பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஆர்ரா அது கரண்டை நிப்பாட்டினது?" என்று திரும்பினான். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. "உனக்கென்ன விசரா? வீட்டுக்குள்ள வந்து பிளக்கைப் பிடுங்குவியா?"

என் ஒரு கையில் பிளக், மற்றக் கையில் பிளேட். மனைவி பின்னால் வந்து நின்றாள். அவள் கையில் காசைக் கண்டு, "அது என்ன?" என்றான்.

"அண்ணன் மற்றப் பிளேட்டை வாங்கிற்றார்."

"வாங்கினாரா? இவனா?" என்னைப் பார்த்தான். "எவ்வளவுக்கு?"

அவள் சொன்னாள். விற்கிற விலையும் அவனுக்குத் தெரியும், நான் மொத்தமாக எடுக்கிற விலையும் ஏறக்குறையத் தெரியும். அவன் கிரைண்டரை மெதுவாகக் குற்றியின் மேல் வைத்தான். பிறகு ஸ்பானர் சாவியை எடுத்து, நட்டைத் திருகிப் பிளேட்டைக் கழற்றி, என்னிடம் நீட்டினான்.

"இந்தா, இதையும் எடு. அதே விலை."

"காசில்ல மச்சான். பாதைக்குத்தான் வச்சிரிக்கன்."

"அப்ப சும்மா கொண்டு போ." மேசைக்கு அடியில் குனிந்து, மரச்சீவலுக்குள் கையை விட்டுத் துழாவி, கவரை வெளியே எடுத்து ஊதித் துடைத்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நீ வாயால எவ்வளவு சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டன். இவ்வளவு காலமா உன்னை எனக்குத் தெரியும், நட்டத்துக்கு நீ ஒரு ஆணி கூட வாங்க மாட்டாய்."

அது ஏச்சா, நன்றியா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை. அவன் குந்தி இருந்து கவரை மாட்டி, திருகாணியை முறுக்கினான். நான் பிளக்கைப் பிடித்தபடியே நின்று அவனுடைய பத்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.